ஒப்பிட்டவர் கையெழுத்து

ணங், ணங் என்று வரும் அந்தச் சத்தம். விடியற்காலை நாலரைக்கு. சைக்கிள் பாரில் நீளவாக்கில் கட்டியிருக்கிற இரும்புக் கம்பி, தெருவில் பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு தடவை பாரில் இடிக்கும். குடிதண்ணீர்க் குழாயின் வால்வைத் திருகித் திறக்கிற கம்பி அது, என் இடுப்புயரம் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுகிறவர். சத்தம் கேட்டதும் எட்டுத் தெருப் பெண்களும் குடத்தோடு வெளியே வந்துவிடுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரம், விடியாத வேளையில் யார் இரும்பை அடிக்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் முப்பது வருஷம், அது பாலத்துப் பக்கம் போய்த் தேய்கிற வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் புரண்டு படுப்பேன்.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் மடியில் இருக்கிற உறையைப் பார்த்தேன். எக்ஸ்ரேதானே? அதைச் சுருட்டாதே அம்மா. மடிப்பு விழுந்தால் எலும்பில் விழுந்த கோடு எது, உறையில் விழுந்த கோடு எது என்று கேட்பான் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்.

நீயும் கோர்ட் ஸ்டாப்பில்தான் ஏறினாய், பார்த்தேன். யாருக்கு? வீட்டுக்காரருக்கா. முழங்காலா. சைக்கிளில் போனவரை லாரி இடித்ததா. நல்லது. நல்லது என்றால், லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கும், அதற்குச் சொன்னேன். முகத்தைச் சுருக்காதே. எங்கள் வீட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாய். சொல்கிறேன். முதலில் கேஸைக் கேட்டுக்கொள். உனக்கு யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு யார் சொன்னார்கள்? ஏழு வருஷம் நானே முட்டி மோதித் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் செந்தாமரை. பத்திரப் பதிவு ஆபீசில் முப்பத்தொரு வருஷம். என் வேலை ஒத்துப் பார்ப்பது. மூலப் பத்திரத்தை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், நகலில் நான் விரல் வைத்து வருவேன். ஒரு கமா பிசகினால் நிறுத்துவேன். எல்லாம் சரியாக இருந்தால் அடியில் 'ஒப்பிட்டவர்' என்ற இடத்தில் என் சுருக்கக் கையெழுத்து. நான் கையெழுத்துப் போட்ட நகலில் ஒரு பிழையை இன்றுவரை யாரும் காட்டியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. என் கேஸ் ஜெயித்ததே அந்தப் பழக்கத்தால்தான்.

பங்குனி மாசம், காலை ஆறு மணி. ஐந்து தெரு திறந்துவிட்டு ஆறாவதுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாலத்துத் திருப்பத்தில் பின்னால் இருந்து குட்டியானை வண்டி. கல்யாணப் பந்தல் சாமான் ஏற்றி வந்தது. நாற்காலி, அண்டா, குத்துவிளக்கு. இடித்த வேகத்தில் தொடை எலும்பு இரண்டு துண்டு, முழங்கால் நொறுங்கல். அண்டா ஒன்று பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் உருண்டு போனதாம்.

ஓட்டினவன் பெயர் கலியமூர்த்தி. ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? ஓடினால் குற்றம் பெரிதாகும் என்று தெரிந்தவன். நாற்காலியையெல்லாம் ரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு, இவரைத் தூக்கி அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எல்லாரும் அவனை என்னமோ தர்மராஜா மாதிரிப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடித்தவன் தூக்கினால் அது தர்மமா?

நான் போனபோது இவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். என்னைப் பார்த்ததும் என்ன கேட்டார் தெரியுமா? "தாமரை, ஆறாந்தெரு வால்வு இன்னும் திறக்கலை." கால் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆறாந்தெருவாம். நான் அழுகிறேன். அந்தக் கலியமூர்த்தி பக்கத்திலேயே நின்றவன், "எப்படிண்ணே திறக்கணும், நான் போறேன்" என்கிறான். இவரும் சொல்கிறார். "இடப்பக்கம் ஆறு சுத்து. ஏழாவது சுத்தாத, வாஷர் பிச்சுக்கும்." அவன் கம்பியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தும் விட்டான். நடிப்பு, அம்மா. போலீஸ் வருகிற நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்த நடிப்பு.

போலீஸ் கேஸில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினான். சைக்கிள்காரர் குறுக்கே வந்தார் என்று சொல், உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று கம்பெனி ஆட்கள் கேட்டார்களாம், மாட்டேன் என்றானாம். வண்டி ஓனர் வேலையை விட்டு எடுத்துவிட்டான். அது அவன் பாடு. அவன் ஒத்துக்கொண்டதுதான் எங்கள் கேஸுக்கு முதல் அஸ்திவாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயத்தில் ஒத்துக்கொண்டவனுக்கு நன்றி சொல்ல முடியுமா?

தொடையில் இரும்பு வைத்துத் தைத்தார்கள். இரண்டு மாசம் கழித்து பிசியோதெரபி. ரெஹானா என்று ஒரு பொண்ணு. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அம்மா, தினமும் மடக்கி நீட்டணும். அழுதாலும் விடாதீங்க. விட்டீங்கன்னா முட்டி இறுகிடும். விடாம செஞ்சா ஒரு வருஷத்துல சைக்கிள் மிதிப்பார்."

ஒரு வருஷத்தில் சைக்கிள் மிதிப்பார் என்றால் அப்புறம் எதற்குக் கேஸ்? நீயே சொல்லு.

மனு எழுதினது நான்தான். எங்கள் வக்கீல், சம்பந்தம் என்று பெயர், அவர் சொல்லச் சொல்ல, என் கையெழுத்தில். அதில் நாலாவது பத்தி: 'மனுதாரர் பிறர் துணையின்றி நடக்க இயலாதவர்.' அன்றைக்கு அது முழு உண்மை. அதைப் படித்துவிட்டு வக்கீல் போகிற போக்கில் சொன்னார், "கம்பெனிக்காரங்க ஆள் விட்டுப் பாப்பாங்கம்மா. ரோட்டுல நடந்தா போட்டோ புடிச்சுடுவாங்க. பாத்துக்குங்க." ரோட்டில் என்றுதான் சொன்னார். நான் வீட்டுக்குள்ளேயும் என்று வைத்துக்கொண்டேன். கூடுதல் ஜாக்கிரதை ஒரு தப்பா?

ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போவதை நிறுத்தினேன். ரெஹானா இரண்டு தடவை வீட்டுக்கே வந்தாள். தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பினேன். தெரு ஜன்னலைச் சாத்தினேன். ஒரு நல்ல நாற்காலி, கை வைத்தது, மெத்தை போட்டது. கக்கூசுக்குப் போக என் தோள். நான் ஆபீஸ் போகும் முன்னால் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் போவேன். தண்ணீர், மாத்திரை, ரேடியோ, பேப்பர். ஒரு குறை வைக்கவில்லை. பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று அவரே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார் என்றுதான் ஞாபகம்.

ஒருநாள் கேட்டார், "ஏன் தாமரை, இதுல நான் மூலமா, நகலா?"

"ரெண்டும் ஒத்திருக்கணும்ங்க. அவ்வளவுதான்."

"ஒத்துப்போகலைன்னா எதைத் திருத்துவ?"

"நகலை."

"அப்ப நான் நகல்தான்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார். வாய் ஜாஸ்தி அவருக்கு அந்தக் காலத்தில்.

நாலரைக்கு முழிப்பு மட்டும் போகவே இல்லை. புதிதாக வந்த ஆள் மொபெட்டில் போகிறவன். சத்தமே வராது. இவர் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, "தண்ணி வந்துடுச்சா, பாரு" என்பார். வந்துவிட்டது, படுங்கள் என்பேன். "சத்தம் கேக்கலையே" என்பார்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு வாய்தா நாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினோரு மணிக்கெல்லாம் ஊரில் இறங்கிவிட்டேன். சந்து திரும்புகிறேன், ணங் என்று கேட்டது. நின்றுவிட்டேன். மறுபடி ணங். சொன்னால் சிரிக்கக் கூடாது. அந்த நிமிஷம் எனக்கு, போய்க் குடத்தை எடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலிமனை. அங்கே, லுங்கியும் பனியனுமாக, என் வீட்டுக்காரர். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அதே சைக்கிள். கோணின சக்கரத்தை மாற்றி, பெயிண்ட்கூட அடித்திருக்கிறது. பாரில் கம்பி. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் மாதிரி, அந்தக் கலியமூர்த்தி.

இவர் என்னைப் பார்த்தார். பயப்படவில்லை. "நில்லு தாமரை. அங்கயே நில்லு" என்றார். ஹேண்டில்பாரை விட்டார். நடந்து வந்தார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து, கையை விரித்துக்கொண்டு. பதினோரு அடி. எண்ணினேன். வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையெல்லாம் வேர்வை. முகம் பூராவும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

நான் மொட்டை மாடிகளைப் பார்த்தேன். எவனாவது செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறானா என்று.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டேன்.

"அஞ்சு மாசமா அண்ணி" என்கிறான் அவன். அண்ணியாம். "நீங்க ஆபீசு போனதும் வருவேன். மத்தியானம் லோடு இறக்கப் போயிடுவேன். முதல்ல எழுந்து நிக்கவே ஒரு மாசம் ஆச்சு. கம்பி இருந்தாத்தான் சைக்கிள் தன் சைக்கிள் மாதிரி இருக்குங்கிறாரு அண்ணன்."

ஐந்து மாசம், அம்மா. ஒரு கமா விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவள் நான். வாசலில் கிடந்த அவர் செருப்பில் புழுதி இருந்ததை ஐந்து மாசம் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

"நீ யாரு?" என்றேன் அவனிடம். "சொல்லு. கேஸ் கட்டுல நீ யாரு?"

"அண்ணி..."

"முதல் எதிர்மனுதாரர். மனுதாரர் வீட்டுல எதிர்மனுதாரருக்கு என்ன வேலை? கம்பெனி எவ்வளவு குடுத்துச்சு?"

"அப்படிச் சொல்லாதீங்க. அவர் நடந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"உனக்குத் தூக்கம் வரணும்னு என் கேஸுக்குக் குழி வெட்டுறியா? சாட்சியைக் கலைக்கிறான்னு இப்பவே ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கட்டுமா? ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கு உன் பேர்ல."

இவர் சொன்னார், "தாமரை, விடு. நான்தான் வரச் சொன்னேன்."

"நீங்க வாயை மூடுங்க. நாலாவது பத்தியில என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அடுத்த மாசம் கூண்டு ஏறணும் நீங்க."

கலியமூர்த்தி என்னைப் பார்க்கவே இல்லை. இவரைப் பார்த்து, "ஏழாவது சுத்து சுத்திட்டேன் போலண்ணே" என்றான். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். போனான். அன்றைக்கே சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். இதோ, இந்தப் பையிலேயே இருக்கிறது பார் சாவி. தூக்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

குறுக்கு விசாரணை அன்று ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் சின்னப் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை. கேட்கிறான், "டாக்டர் சொன்ன நடைப்பயிற்சியெல்லாம் ஒழுங்கா செஞ்சீங்களா?"

இவர் சொன்னார், "எங்க வீட்ல விடறதில்லைங்க."

கோர்ட்டே சிரித்தது. டைப்பிஸ்ட் பெண்கூட. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அவன் சும்மா இருப்பானா? "அப்ப, விட்டா நடப்பீங்க?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. சத்தியமாக ஆட்டவில்லை. சும்மா அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜட்ஜ் பக்கம் திரும்பி, "இல்லைங்கய்யா. நான் நடக்கிறதில்லை" என்றார். ஜட்ஜ் அதை எழுத்துத் தமிழில் சொல்ல, அந்தப் பெண் டைப் அடித்தாள். 'நான் நடப்பதில்லை.' கீழே இவர் கையெழுத்து.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆட்டோவில் வரும்போது, "நல்லவேளை, சமாளிச்சீங்க" என்றேன்.

அன்றைக்கு மேல் அவர் அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரேடியோவும் வேண்டாம் என்றுவிட்டார். கம்பெனி மறு பரிசோதனை கேட்டது, ஒரு வருஷம் கழித்து மெடிக்கல் போர்டு கூப்பிட்டது. மூன்று டாக்டர்கள். மடக்கிப் பார்த்தார்கள், மடங்கவில்லை. முதல் சர்டிபிகேட்டைவிட ஊனச் சதவீதம் அதிகமாகப் போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனி வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கட்டை மூடி வைத்துவிட்டான். நான் நினைத்தேன், இப்போது மனுவும் ஆளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது, இனி எவன் அசைப்பான் என்று.

எவனும் அசைக்கவில்லை. கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. அப்பீல் போனார்கள், அதுவும் தள்ளுபடி. இன்றைக்குச் செக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கேஸ் கட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு வருகிறேன். பை கனக்கிறது பார்.

தொகை என்ன என்று கேட்காதே. பஸ்ஸில் அதெல்லாம் பேசக் கூடாது.

எனக்கு ஆத்திரமெல்லாம் இவர்கள் மேல்தான். அந்த ரெஹானா. தீர்ப்பு வந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பக் கூப்பிடுறீங்களேம்மா" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டாமா? தூங்குகிறார் என்றால் எழுப்பு என்று சொல்லத் தெரியாதா? படித்த பொண்ணு. அந்த வக்கீல். ரோட்டில் மட்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? அந்தக் கலியமூர்த்தி. கேஸ் முடிந்துவிட்டது, இனி வந்துவிட்டுப் போகச் சொல்லு என்று நானே ஆள் அனுப்பினேன். நானே, அம்மா. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டானாம். ஒரு மில்லில் வாட்ச்மேனாம். ஐந்து மாசம் சொல்லாமல் கொள்ளாமல் வரத் தெரிந்தது, கூப்பிட்டால் வரத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவன் பாசம்.

இவர் மேலும்தான். வாக்கர் வாங்கி வந்து முன்னால் வைத்தேன். "எழுந்திருங்க, இனிமே யார் போட்டோ புடிச்சா என்ன" என்றேன். "கூண்டுல சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேனே தாமரை" என்றார். கேலியா, நிஜமா, தெரியவில்லை. முப்பத்தேழு வருஷம் ஒன்றாக இருக்கிறேன், அந்தக் குரலை ஒத்துப் பார்க்க எனக்கு வேறொன்று இல்லை.

சரி, என் ஸ்டாப் வரப்போகிறது. நீ கேட்டுக்கொள். எக்ஸ்ரேயைச் சுருட்டாதே. எதிலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே. உன் வீட்டுக்காரர் இப்போது நடக்கிறாரா? சுவரைப் பிடித்துக்கொண்டா? யார் பிடித்துக்கொள்கிறார்கள், நீயா? மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார். பார்த்துவிட்டு...

என்ன அப்படிப் பார்க்கிறாய்? உறையை ஏன் பைக்குள் வைக்கிறாய்?

திரும்பவும் அதையே கேட்கிறாய். இவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று. கொஞ்சம் நகரு, இறங்க வேண்டும். பதில்தானே, இந்தப் பையிலேயே இருக்கிறது. வாக்குமூலம், இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. கோர்ட் வராந்தாவிலேயே விரல் வைத்து ஒத்துப் பார்த்துவிட்டேன், ஒரு எழுத்துப் பிசகில்லை. அதில் இருக்கிறபடிதான், அம்மா.

அவர் நடப்பதில்லை.